கூடத்துச் சுவரில் ஓவியம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தின் 14 அடி நீளச் சுவரை, வலப்புறம் மாடிப்படியின் சரிவு குறுக்காக வெட்டுவதாலும், நடுவில் மின்சார டிபி பாக்ஸ் (மின் பகிர்வுப் பெட்டி) துருத்திக்கொண்டிருப்பதாலும், அங்கே அலமாரி, சட்டமிட்ட படம் என எதை வைத்தாலும் பொருந்தவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். எங்களுக்கோ சுவரே சிக்கலாக இருக்கிறது.

ஆகவே, அருகிலுள்ள சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் மீன்களும் வாத்துகளும் யானைகளும் சூழத் தீட்டப்பட்டுள்ள தாமரைக் குளத்தை மனத்தில் கொண்டு, தாமரைத் தண்டுகள் படிச் சரிவையொட்டி மேலேறுமாறும், டிபி பாக்ஸின் கதவு ஓர் அகன்ற இலைக்குள் மறையுமாறும் (கதவு தடையின்றித் திறந்தாக வேண்டும்) வரைய எண்ணியுள்ளோம்.

ஆனால், சுவருக்குப் பின்புறம் குளியலறை இருப்பதால், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை உப்புப் பூத்து, விரலால் தேய்த்தால் வெண்பொடி ஒட்டுகிறது. குளியலறையின் நீர்க்கசிவை முதலில் அடைத்த பிறகு, பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூச வேண்டுமா, அல்லது சுரண்டி பிரைமர் அடித்தாலே போதுமா? புதுப் பூச்சு எத்தனை நாள் காய்ந்தபின் அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம்? பிள்ளைகள் கைபடும் உயரத்திற்கு மேட் வார்னிஷ் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.