பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள் இல்லையா?

ஓஎம்ஆர்_மீனா:
எங்கள் ஆபீசுக்கு மணிலாவிலிருந்து மூன்று பேர் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். ஞாயிறு காலை சாந்தோம் பூசை, மதியம் போர்க் வறுவல் என்று நானே முடிவு செய்து ஆர்டரும் கொடுத்துவிட்டேன். ஒருவருக்கு ஏக குஷி. கூட வந்த பெண், "நான் மரனாவ், ஹலால்தான் சாப்பிடுவேன்" என்றார். மூன்றாமவர் கிறிஸ்தவர்தான், ஆனால் பூசைக்கு வர மாட்டாராம், கிறிஸ்துமஸும் கிடையாதாம்! தலை சுற்றுகிறது.

ராயபுரம்_சீஃப்இன்ஜினியர்:
மூன்றாமவர் இக்லேசியா நி கிறிஸ்தோவாக இருப்பார், மீனாம்மா. 1914-ல் ஃபெலிக்ஸ் மனாலோ ஆரம்பித்த சபை. ரத்தம் சேர்ந்ததைத் தொட மாட்டார்கள், நம்மூர் ரத்தப் பொரியலை நீட்டிவிடாதே. எங்கள் கப்பலின் பிலிப்பைன்ஸ் குக், யாருக்காவது பிறந்தநாள் வந்தால் தினுகுவான் வைப்பார். பன்றி ரத்தத்தில் வேகும் குழம்பு, தார் மாதிரி கறுப்பு. சட்டி மேசைக்கு வந்ததும் அந்தச் சபையைச் சேர்ந்த ஆயிலர் (இன்ஜின் ரூம் ஊழியர்) ஒருவர் மட்டும் பொரித்த மீனும் சோறுமாக ஓரமாய் நகர்ந்துவிடுவார். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மொழியும் ஒன்றில்லை: செபு தீவுப் பையன்கள் தங்கள் பிசாயா மொழியில் ஜோக்கடித்தால், இலோகானோ மொழிக்காரரான போசன் (டெக் மேஸ்திரி) முழிப்பார். அவருக்காக எல்லாருக்கும் தெரிந்த டகாலோக் மொழியில் திரும்பச் சொல்வார்கள், அதற்குள் ஜோக் ஆறிப்போயிருக்கும்.

டாவோ_ரிட்டர்ன்:
சார் சொல்வது சரி. டகாலோக் கற்றுக்கொண்டுதான் தெற்கே டாவோ நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போனேன். "எங்கே வலிக்கிறது" என்று கேட்க வேண்டும்; டகாலோக்கில் எங்கேக்கு 'சான்', வார்டில் பிசாயா பேசும் பாட்டிகளுக்கோ 'ஆசா'. முதல் வாரம் நர்ஸ்தான் காப்பாற்றினார்.

மரனாவ் என்றால் ஏரிக்காரர்கள். தெற்கே மிண்டனாவோ தீவில் லானாவ் ஏரியைச் சுற்றி இருக்கும் முஸ்லிம்கள். 2020 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 78.8 சதவீதம், முஸ்லிம்கள் 6.4. ஆனால் மெகல்லன் 1521-ல் சிலுவையோடு வருவதற்கு முன்பே தெற்கே சூலு தீவுகள் பக்கம் இஸ்லாம் வேரூன்றிவிட்டது. "பிற்பாடு மாறியவர்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு வைக்காதீர்கள், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ராயபுரம்_சீஃப்இன்ஜினியர்:
இன்னொன்று. 1762-ல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் கப்பல்கள் நம் மதராஸிலிருந்து கிளம்பியவை. அதில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் காயின்டாவில் கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். அங்கே நம் சாயலில் யாராவது எதிரே வந்தால் ஆச்சரியப்படாதே.

ஓஎம்ஆர்_மீனா:
நன்றி சார், டாக்டர். பூசைக்கு ஒருவரோடு போய்விட்டு, மதியம் திருவல்லிக்கேணியில் மூவருக்கும் ஹலால் பிரியாணி. போர்க் டப்பாவை நம் கத்தோலிக்க நண்பர் ராத்திரிக்கு ஆகும் என்று ரூமுக்குக் கொண்டு போய்விட்டார்.