கூன்வண்டின் ரோஸ்ட்ரம்: ‘வாய்மூக்கு’ என்று வைக்கலாமே

வணக்கம்.

கூன்வண்டின் தலையில் முன்னால் நீண்டிருக்கும் பகுதியான ரோஸ்ட்ரத்துக்கு (rostrum) இங்கே தமிழ்க் கலைச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ‘உறிஞ்சுகுழல்’ என்று வந்த பரிந்துரையை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பட்டாம்பூச்சிக்குப் பொருந்தும். கூன்வண்டு கடித்து மெல்லும் பூச்சி. உறிஞ்சுகுழல் என்று படிக்கும் மாணவர் செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியையும் இதையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடுவார்.

அரிசியில் விழும் கூன்வண்டை லென்ஸில் பாருங்கள். தலையே முன்னால் நீண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. நுனியில் இரண்டு சிறு தாடைகள், பக்கவாட்டில் முழங்கையாக மடங்கிய உணர்கொம்புகள், உள்ளே உணவு போகும் குழல். பெண் வண்டு அந்தத் தாடைகளால் தானியத்தில் குழி பறிக்கும். அப்புறம் திரும்பி நின்று குழிக்குள் ஒரு முட்டையிட்டு, பசை போன்ற சுரப்பால் குழியின் வாயை அடைத்துவிடும். தின்னவும் முட்டைக்கு இடம் தோண்டவும் ஒரே உறுப்புதான்.

‘அலகு’ நல்ல சொல்தான். ஆனால் பறவையின் அலகு அடிவரை பிளந்து திறக்கும், இது திறக்காது. மேலும் அறிவியலில் அலகு என்றால் அளவீட்டு அலகு. ‘அலகின் நீளம் இத்தனை மி.மீ.’ என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் தெரியும்.

மூக்கு என்றால் மோப்பம் பிடிப்பது அல்லவா என்று இந்த உரையாடலில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் கெண்டிக்கும் மூக்கு உண்டு, கிளிமூக்கு மாங்காய்க்கும் உண்டு. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் தமிழில் அது மூக்குதான். தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டில் ஆணின் மூக்கு மேல் சிறு மயிர்க்கற்றை இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. இதைத் தோப்பில் நின்று விளக்க ‘மூக்கு’ என்ற சொல்லே கைகொடுக்கும்.

ஆகவே ‘வாய்மூக்கு’ என்று முன்மொழிகிறேன்: நுனியில் வாய் அமைந்த மூக்கு. ‘நீள்மூக்கு’ என்று வைத்தால் எல்லா இனங்களுக்கும் சரிவராது. கத்தரி இலையின் ஓரத்தைக் கடித்துத் தின்னும் சாம்பல்நிறக் கூன்வண்டுக்கு அந்த உறுப்பு குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். ‘குட்டை வாய்மூக்கு’ என்று சொன்னால் முரண் இல்லை.

 

வரையறையில் ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்: வாய்மூக்கு முதிர்ந்த வண்டுக்கு மட்டுமே உரியது. தென்னைத் தண்டைக் குடைந்து மரத்தையே சாய்ப்பது சிவப்புக் கூன்வண்டின் காலில்லாத புழு. அதற்கு இருப்பது வலுவான தாடைகள் மட்டும்.