மறு: பன்னிரண்டு பேர் உட்காரும் ‘செமினார்’ – தமிழில் என்ன?

> ‘சிறு கருத்தரங்கு’ போதாதா? எதற்குப் புதுச்சொல்?

ஐயா, வணக்கம்.

போதாது என்றே நினைக்கிறேன். அழைப்பிதழில் கருத்தரங்கு என்று அச்சிட்டதுமே குத்துவிளக்கும் பொன்னாடையும் தாமாக வந்து சேர்ந்துவிடும். துணைவேந்தர் தொடக்கவுரை ஆற்றிவிட்டுத் தேநீருக்கு முன்பே கிளம்பிவிடுவார்.

நான் மொழிபெயர்க்கும் கையேடு சொல்லும் ‘செமினார்’ இதற்கு நேர்மாறு. துணைவேந்தர், பதிவாளர், கல்லூரி முதல்வர் என்று பன்னிரண்டு பேர்தான். மேடை கிடையாது, கட்டுரை வாசிப்பு கிடையாது. அவரவர் நிறுவனத்தில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும். தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பக் கூடாது. இலண்டனில் சாத்தம் ஹவுஸ் என்னும் ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்த விதியும் உண்டு: கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பது மட்டும் வெளியே போகக் கூடாது. இந்த உறுதி இல்லாவிட்டால், சம்பளம் போடப் பணமில்லை என்று எந்தத் துணைவேந்தர் இன்னொரு துணைவேந்தரிடம் வாய்திறப்பார்?

மூலச்சொல்லைத் தேடினேன். இலத்தீனில் ‘செமினாரியம்’ என்றால் நாற்றங்கால். 18ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயர் புழங்கியது. 1830களில் வரலாற்றாசிரியர் ராங்கே பெர்லினில் தம் வீட்டிலேயே சில மாணவர்களைக் கூட்டி மூல ஆவணங்களை அலசினார். ஆசையாக ‘நாற்றரங்கு’ என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். விட்டுவிட்டேன்.

இப்போது ‘உசாவரங்கு’. உசாவுதல் என்றால் கேட்டும் கலந்தும் ஆராய்தல். மேற்கோள் நூல்களைக் குறிக்கும் ‘உசாத்துணை’யை விக்கிப்பீடியா ஏற்கெனவே பழக்கிவிட்டது. நடத்துபவரை ‘உசாவுநர்’ எனலாமா?

---

> இப்போது ‘உசாவரங்கு’.

உசா நல்லது, அரங்கு வேண்டாம். அரங்கு என்றால் ஆடுகிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு. எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் கருத்தரங்கு என்றால், உயர்தரப் பரீட்சைக்கு முன் மண்டபம் நிறையப் பிள்ளைகளை இருத்தி வினாத்தாள் செய்து காட்டுவது! உங்கள் பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தல்லவா இருக்கிறார்கள்? ‘உசாவட்டம்’ என்று வையுங்கள். வாசகர் வட்டம் பழகிய காதுக்கு இது புதிதாகவே படாது. உசாவுநரும் வேண்டாம். அங்கே உசாவுகிறவர்கள் எல்லோரும்தானே. நடத்துபவருக்கு நெறியாளர் போதும்.

---

> ‘உசாவட்டம்’ என்று வையுங்கள்.

முதல் இயலில் மாற்றிப் படித்தேன். ‘உசாவட்டத்துக்கு’, ‘உசாவட்டங்களில்’ என்று உருபு ஏறும்போதும் நாக்கு தடுக்கவில்லை. நெறியாளரையும் எடுத்துக்கொண்டேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதன்பின் கையேடு அச்சகத்துக்குப் போய்விடும்.