வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

(குழு உரையாடல். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பெயரில் எழுதுகிறார்கள்.)

உப்புவெளி:

வணக்கம். மூதூர்ப் பக்கத்து மாதர் சங்கங்களுக்கான பயிற்சிக் கைநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். தலைப்பைத் தவிர எல்லாம் முடிந்தது. "மட்ச்ட் சேவிங்ஸ்" (matched savings) என்பதற்கு என்ன போடுவது?

விஷயம் இதுதான். வருமானம் குறைந்த குடும்பம் மாதாமாதம் கொஞ்சம் சேமிக்கும். அது போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் திட்டத்தை நடத்துகிறவர்கள் தங்கள் பங்காக ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ போடுவார்கள். ஆனால் அந்தப் பங்கை நினைத்த நேரம் எடுக்க முடியாது. வீடு வாங்க, படிக்க, தொழில் தொடங்க என்று முன்பே ஒப்புக்கொண்ட தேவைக்குத்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் விற்பவருக்கு நேரே போகும். அமெரிக்காவில் மைக்கேல் ஷெராடன் 1991இல் எழுதிய நூலில் கிளம்பிய யோசனை. ஏழைக்கு வருமானத்தை மட்டும் தாங்கிப் பிடித்தால் போதாது, சொத்துச் சேரவும் வழி வேண்டும் என்பது அவர் வாதம். 1998இல் அங்கே இதற்குச் சட்டமும் வந்தது. அங்குள்ள பெயரைத் தமிழாக்கினால் "தனிநபர் அபிவிருத்திக் கணக்கு". நம் ஊரில் அதைக் கேட்டால் பிரதேச செயலகத்தில் தூசி பிடித்த கோப்பு என்று நினைப்பார்கள்.

வரைவில் "இணைவைப்பு" என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

கிண்ணியா:

தம்பி, அச்சுக்குக் கொடுத்துவிடவில்லையே? எங்கட பக்கத்தில் இணைவைப்பு என்றால் அல்லாஹ்வுக்கு இணை கற்பிப்பது. பாவத்திலேயே பெரிய பாவம். "வாருங்கள், இணைவைப்போம்" என்று நோட்டீஸ் ஒட்டிப் பெண்களைக் கூட்டினால் பள்ளிவாசல் நிருவாகம் முதலில் உங்களைத்தான் கூப்பிடும்.

தம்பலகாமம்:

நல்ல காலம் தப்பியது. ஆனால் எல்லோரும் வாய் கூசாமல் "சேமிப்பு" என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது? வடமொழி க்ஷேமம் நம் வாயில் சேமமாகி, அதிலிருந்து சேமி பிறந்தது. நம் சொல் வைப்பு. குறள் 226ஐ எடுத்துப் பாருங்கள்: வறியவரின் பசியைத் தீர்ப்பதுதான் செல்வன் தன் பொருளை வைக்கும் இடம், "பொருள்வைப்புழி".

இன்னும் ஆழமான சொல் வேண்டுமென்றால் பொலி. சூடு அடித்துக் களத்தில் குவித்த நெல் பொலி. பெருகுவது பொலிவது. சோழர் கல்வெட்டில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். முதலைத் தொடாமல் பொலிசையில் தருமம் நடக்க விட்ட பணம் பொலியூட்டு. கோயில் விளக்குக்கு ஆடு விட்டால் "சாவா மூவாப் பேராடு" என்பார்கள். ஆடு சாகும், குட்டி அதன் இடத்தில் நிற்கும், கணக்கில் ஒன்று குறையாது. சொத்து என்றால் என்ன என்று அமெரிக்கர் சொல்லித்தான் நாம் அறியவேண்டுமா? என் வாக்கு "பொலிவைப்பு".

சாம்பல்தீவு:

மாஸ்டர், குறள் பேசுவது ஈகையை. இங்கே அந்தப் பெண் தன் காசைப் போட்டால்தான் மற்றக் காசு வரும். இதை ஈகை என்று சொன்னால் அவவுக்கே கோபம் வரும்.

பொலியும் சரிவராது. எங்கள் கூட்டங்களுக்குச் சிங்களப் பெண்களும் வருகிறார்கள். சிங்களத்தில் பொலிய என்றால் நேராக வட்டிதான். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்று தவணை கேட்ட ஊர்கள் இவை. வட்டி மணக்கிற பெயரோடு போனால் படலை திறக்காது.

தம்பலகாமம்:

சிங்களத்திலும் அந்த வேர் இருக்கிறதென்றால் என் வாதம் பலப்படுகிறது.

கிண்ணியா:

வேர் பலமாக இருக்கட்டும் மாஸ்டர், வட்டி எங்களுக்கு ஹராம்.

நிலாவெளி:

நேற்று இரவு நானும் சிலதை யோசித்தேன். "பொருத்தச் சேமிப்பு" என்றதும் மனைவி, யாருக்குக் கலியாணம் என்று கேட்டா. "ஈட்டுச் சேமிப்பு" என்றால் ஈடு வைத்த காப்பு ஞாபகத்துக்கு வரும். "இரட்டிப்புச் சேமிப்பு" பிரமிட் மோசடிக்காரரின் பேச்சு, அதோடு பிழையும்கூட. பிரித்தானியாவில் 2018இல் தொடங்கிய திட்டத்தில் மாதம் 50 பவுண் வரை போடலாம் (நகைப் பவுண் என்று யாரும் மயங்கவேண்டாம்), மேலதிகமாகக் கிடைப்பது சேர்ந்ததில் பாதி. அதை எப்படி இரட்டிப்பு என்பது?

இன்னொன்று. நம் இலங்கையில் இந்த முறை 1958இலேயே வந்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதியில் நம் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் தொழில்தருநர் 12 வீதம் போடவேண்டும். அந்த 12க்குத் தனிப்பெயர் எதுவும் சனத்தின் வாயில் இல்லை. சேமலாபம் என்ற நல்ல சொல்லையே எத்தனை பேர் சொல்கிறார்கள்? "ஈ.பி.எப். வந்திட்டுதா" என்றுதான் கேட்கிறார்கள். கூலிக்குக் கடலுக்குப் போகிறவனுக்கு அதுவும் இல்லை.

மூதூர்:

எல்லோரும் "மட்ச்" என்ற சொல்லின் பின்னால் ஓடுகிறீர்கள். கடைசியில் அந்தக் குடும்பத்தின் கையில் என்ன நிற்கிறது? தேட்டம். தேசவழமையில் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று ஆதனம் மூன்று வகை. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த வடக்கின் வழக்கம் அது. நமக்குச் செல்லுமா என்ற வழக்கை இங்கே தொடங்கவேண்டாம், சொல்லை மட்டும் எடுப்போம். முன்னோர் தந்ததும் அல்ல, கலியாணத்துக்கு வந்ததும் அல்ல, தாங்களே தேடியது. "தேட்டக் கணக்கு" என்று போடுங்கள்.

உப்புவெளி:

எனக்கும் தேட்டம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் பாதிக் காசை வேறொருவர் போடும்போது அதைத் தேடியது என்று சொல்லலாமா? சாம்பல்தீவு அக்கா, நாளைக்குச் சம்பூர்க் கூட்டத்தில் ஒருக்கால் கேட்டுப் பார்க்கிறீர்களா?

சாம்பல்தீவு:

கேட்டேன். தேட்டம் என்றதும் ஒரு அம்மா சிரித்தா. "அது காணி, வளவு உள்ளவைக்குப் பிள்ளை" என்றா. அப்ப நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, "நாங்க போட, அவையும் போடுறது" என்றா. பக்கத்தில் இருந்தவ, "துணைக்குப் போடுறது" என்றா. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது துணைக்கு ஆள் வருவதில்லையா, அதுபோல. போகவேண்டியது நாம்தான். "துணைச் சேமிப்பு" என்று வைத்தால் என்ன?

தம்பலகாமம்:

வங்கியில் துணைக் கணக்கு என்றால் முதன்மைக் கணக்குக்குக் கீழுள்ள கிளைக் கணக்கு. துணைமின்நிலையம் என்பதுபோல. குழப்பும்.

கிண்ணியா:

சம்பூர் அம்மாவைக் குழப்பவில்லையே மாஸ்டர்.

உப்புவெளி:

வெள்ளி, காலை ஏழு மணி. நிலாவெளி, கிண்ணியா, சாம்பல்தீவு மூவரும் துணைச் சேமிப்பு. மூதூர் இன்னும் தேட்டம், மாஸ்டர் பொலி. அட்டையில் "துணைச் சேமிப்பு" என்றும் அதன் கீழே "நீங்கள் போட, நாங்களும் போடுவோம்" என்றும் வைத்துவிட்டேன். கணக்குப் பக்கத்தில் "உங்கள் வைப்பு", "துணைவைப்பு" என்று இரண்டு நிரல்.

மூதூர்:

சரி. இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.

தம்பலகாமம்:

வைப்பாவது உள்ளே வந்ததே, மகிழ்ச்சி. ஆனால் தம்பி, 17ஆம் பக்கத்தில் ஒற்று இல்லாமல் "துணை சேமிப்பு" என்று இருக்கிறது. உடனே திருத்தவும்.

உப்புவெளி:

அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, மாஸ்டர்.