சர்கோமாவுக்கு மார்க்கர் பார்த்து ஆயுள் சொல்ல முடியுமா?

கொட்டகலை ராசு:
மச்சானுக்குத் தொடையில் கட்டி. பயாப்சியில் சாஃப்ட் டிஷ்யூ சர்கோமா, அதாவது தசை, கொழுப்பு மாதிரி மென்திசுவில் வரும் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. முன்னாடியே டவுனில் ஒரு லேப்பில் சிஇஏ, சிஏ 19-9, பிஎஸ்ஏ என்று புற்றுநோயைக் காட்டும் மார்க்கர் ரத்தப் பரிசோதனைகளைப் பேக்கேஜாக எடுத்தோம். அக்கா கொழுந்து பறித்த காசு. எல்லாம் நார்மல். அப்போ நோய் பரவவில்லை என்றுதானே அர்த்தம்?

பதுளை லேப்காரன்:
இல்லை அண்ணே. பிஎஸ்ஏ புராஸ்டேட்டுக்கு, சிஇஏ பெரும்பாலும் குடலுக்கு. சர்கோமாவுக்கென்று வழக்கத்தில் உள்ள ரத்த மார்க்கரே கிடையாது. நுரையீரலுக்குப் பரவியிருந்தாலும் இவை நார்மலாகவே காட்டலாம். பயாப்சி ரிப்போர்ட்டில் கிரேடு, அதாவது கட்டியின் வீரியம், என்ன?

கொட்டகலை ராசு:
கிரேடு 2. பக்கத்தில் கேஐ-67 30% என்று இருக்கிறது.

மஸ்கெலியா டீச்சர்:
அதுவும் மார்க்கர்தானே தம்பி! பிரிந்து பெருகும் செல்லில் இருக்கும் புரதம். அது கூடினால் நோயின் போக்கு மோசம் என்று எத்தனையோ ஆய்வில் வந்திருக்கிறது. குடும்பத்துக்கு அதை உடைத்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் படிப்பு, ஈபிஎஃப் காசு எல்லாம் இருக்கிறதே.

பதுளை லேப்காரன்:
சொல்லுங்கள் டீச்சர், ஆனால் 30% என்பது ஆயுள் கணக்கு இல்லை. ஊசி பயாப்சியில் வருவது கட்டியின் ஒரு துணுக்கு. எந்த இடத்தில் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். கிரேடு அப்படி ஒரே எண்ணில் நிற்காது. செல் எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை பிரிந்துகொண்டிருக்கிறது, கட்டியில் எவ்வளவு செத்துக் கிடக்கிறது என்று மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்கள். 4, 5 வந்தால் கிரேடு 2. சினோவியல் சர்கோமா என்ற வகையில், இரண்டு மரபணு ஒட்டி உண்டாகும் இணைவு மரபணுவின் வகை முடிவைச் சொல்லும் என்று 1998இல் ஆய்வு வந்தது. 2004இல் வந்த இன்னொரு ஆய்வில் அது நிற்கவில்லை, கிரேடுதான் நின்றது.

மஸ்கெலியா டீச்சர்:
சரி, சார்குலேட்டர் என்று ஒரு ஆப் இருக்கிறதே. 5, 10 வருடம் உயிரோடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது கணக்கு சொல்கிறதே?

பதுளை லேப்காரன்:
கை காலில் வரும் கட்டிக்கு அது கேட்பது வயது, கட்டியின் அளவு, கிரேடு, வகை. ஒரு மார்க்கர்கூட இல்லை, பாருங்கள்! அதுவும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு. ராசு அண்ணன் மச்சானுக்கு இன்னும் வெட்டவே இல்லை.

மஸ்கெலியா டீச்சர்:
நூறு பேருக்கான கணக்கு ஒருத்தருக்குப் பொருந்தாது என்பது எனக்கும் தெரியும். அதற்காக "ஒன்றும் சொல்ல முடியாது" என்று அனுப்பிவிடுவதா? தோட்டத்து ஆட்களிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அந்தக் கணக்கைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

பதுளை லேப்காரன்:
அதில் எனக்கு மறுப்பில்லை. கேட்கட்டும், கிரேடை வைத்துக் கேட்கட்டும்.

கொட்டகலை ராசு:
மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கேஜைத் திரும்ப எடுக்கச் சொன்னார்களே, வேண்டாமா?

பதுளை லேப்காரன்:
வேண்டாம் அண்ணே. இது பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நெஞ்சு சிடி ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். அந்தக் காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகட்டும்.