பசிபிக் தீவு நாடுகளிடம் வல்லரசுகள் சறுக்குவது பணத்திலா, மரியாதையிலா?

நெய்தல் (கேள்வி):

பசிபிக் தீவுகளில் சீனா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றும் மோதுவதைப் பற்றி எதைப் படித்தாலும் "அந்த நாடுகள் கேட்பது மரியாதை" என்று வந்து முடிகிறது. எனக்கு அது பிடிபடவில்லை. 2019 செப்டம்பரில் சாலமன் தீவுகளும் கிரிபட்டியும் ஒரே வாரத்தில் தைவானை விட்டுச் சீனாவோடு உறவு வைத்தன. 2024 ஜனவரியில், தைவான் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், நவூருவும் அதையே செய்தது. இதெல்லாம் பணக் கணக்குத்தானே? மரியாதை என்றால் நடைமுறையில் என்ன? யார், எங்கே தவறினார்கள், அதனால் என்ன போயிற்று என்று ஆண்டு விவரத்தோடு யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

திசைமானி:

பணம் முக்கியம்தான். ஆனால் அந்த வட்டாரத்துக்குப் பல ஆண்டுகளாகவே அதிக உதவி தருவது ஆஸ்திரேலியா. பணம் ஒன்றே தீர்மானித்திருந்தால் கான்பெர்ரா இவ்வளவு பதற வேண்டியதில்லை.

முதலில் பேச்சு. 2015இல் ஆஸ்திரேலிய அமைச்சர் பீட்டர் டட்டன், மைக் ஓடுவது தெரியாமல், வாசலில் கடல்நீர் வந்து நிற்பவர்களுக்கு நேரம் ஒரு பொருட்டல்ல என்ற பொருளில் நகைச்சுவையாகப் பேசி மாட்டினார். 2019 ஆகஸ்டில் துவாலுவில் பசிபிக் தீவுகள் மன்றம் (ஆஸ்திரேலியாவும் உறுப்பினராக உள்ள வட்டார அமைப்பு) கூடியபோது நிலக்கரி, காலநிலை பற்றிய வாசகங்களை நீர்க்கச் செய்ய ஆஸ்திரேலியா மல்லுக்கு நின்றது. அதே நேரம் துணைப் பிரதமர் மைக்கேல் மெக்கார்மாக், இவர்கள் நம் பழத்தோட்டங்களுக்கு வந்து பழம் பறித்துப் பிழைத்துக்கொள்வார்கள் என்றார். இருவரும் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அந்த நாடுகள் 2018இலேயே 'போய்' (Boe) என்ற பெயர் கொண்ட வட்டாரப் பாதுகாப்புப் பிரகடனத்தில் தங்கள் முதல் பாதுகாப்பு அச்சுறுத்தல் காலநிலை மாற்றம் என்று எழுதிவிட்டன. அதில் ஆஸ்திரேலியாவும் கையெழுத்திட்டிருந்தது. கையெழுத்துப் போட்ட விஷயத்தையே கேலி செய்ததுதான் உறைத்தது. ஃபிஜி பிரதமர் பைனிமராமா அப்போதே, சீனர்கள் இப்படி அவமதிப்பதில்லை என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார்.

அடுத்தது வருகை. 2023 மே 22இல் பைடன் பப்புவா நியூ கினிக்கு வருவதாக இருந்தது. பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் பசிபிக் தீவு நாட்டுக்கு வருவது அதுவே முதல் முறையாக இருந்திருக்கும். போர்ட் மோர்ஸ்பியில் பொது விடுமுறையே அறிவித்திருந்தார்கள். வாஷிங்டனில் கடன் உச்சவரம்புச் சண்டை முற்றியதால் ஐந்து நாளுக்கு முன் பயணம் ரத்தானது. வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் வந்து பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், அதனால் பொருள் அளவில் இழப்பு இல்லை. ஆனால் தீவுத் தலைவர்கள் பலர் விமானம் மாறி மாறி அங்கே வந்திருந்தார்கள். அதே நாளில் அதே ஊரில் மோடி இந்திய-பசிபிக் தீவுகள் மாநாட்டை முழுதாக நடத்தினார்.

(நாம் கிரிபட்டி என்று எழுதுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிரிபஸ். அவர்கள் மொழியில் 'டி', 'ஐ' சேர்ந்தால் 'ஸ்' ஒலி. மேடை ஏறும் தூதர் இதைச் சரியாகச் சொல்கிறாரா என்பதையும் கவனிப்பார்கள்.)

பேரேடு:

திசைமானி சொன்னதில் தவறில்லை, ஆனால் பணத்தை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிட வேண்டாம். எவ்வளவு என்பதைவிட எப்போது வரும், யார் கையெழுத்தில் வரும் என்பதைப் பாருங்கள். மரியாதை அதிலும் இருக்கிறது.

2022 செப்டம்பரில் வாஷிங்டன் உச்சிமாநாட்டில் சூரை மீன் ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 6 கோடி டாலர் வீதம் 10 ஆண்டுகளுக்குத் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. அறிவிப்பது அதிபர், பணம் ஒதுக்குவது காங்கிரஸ். இந்த இடைவெளிதான் ஒவ்வொரு முறையும் காலை வாரும். பலாவ், மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா மூன்றும் தங்கள் கடற்பரப்பில் அமெரிக்கப் படைக்கு முழு உரிமை தந்து, பதிலுக்கு நிதியும் அமெரிக்காவில் வாழும் உரிமையும் பெறுகின்றன. 2023இல் புதுப்பித்துக் கையெழுத்தான அந்த ஏற்பாட்டுக்கான 20 ஆண்டு, 710 கோடி டாலர் 2024 மார்ச்சில்தான் காங்கிரஸில் நிறைவேறியது. அதற்கு முன் மூன்று அதிபர்களும் செனட்டுக்குக் கடிதம் எழுதி, தாமதம் போட்டியாளர்களுக்கு வழி விடும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. நெருங்கிய கூட்டாளியையே கடிதம் எழுத வைப்பதை வேறு எப்படிச் சொல்வது?

சீனா பக்கம் கோளாறு வேறு வகை. அங்கே பணம் சீக்கிரம் வரும், திருப்பிக் கட்டும்போதுதான் வலி. டோங்காவில் 2006 கலவரத்தில் எரிந்த தலைநகர் நூகு'அலோஃபாவின் மையப் பகுதியைக் கட்ட சீன எக்ஸிம் வங்கியில் 2 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். வட்டி குறைவுதான். ஆனால் கட்டிய கட்டடம் டாலர் சம்பாதிக்காது. நாட்டின் வெளிக்கடனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரே வங்கிக்கு என்றாகிவிட்டது. 2018இல் பிரதமர் போஹிவா எல்லாத் தீவுகளும் சேர்ந்து கடன் தள்ளுபடி கேட்போம் என்றார். சில நாளில் பேச்சை மாற்றிக்கொண்டார்.

நெய்தல்:

இரண்டு பதிலும் உதவின. ஆனால் சாலமன் தீவுகள் இன்னும் புரியவில்லை. ஆஸ்திரேலியா தலைமையில் 2003 முதல் 2017 வரை அமைதிப்படை இருந்தது. 2021 நவம்பரில் தலைநகர் ஹொனியாராவில் நடந்த கலவரத்திலும் ஆஸ்திரேலியப் போலீஸ்தான் முதலில் போய் இறங்கியது. பிறகு ஏன் 2022இல் சீனாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம்?

வாடைக்காற்று:

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவோடு இருந்த 2017 பாதுகாப்பு உடன்படிக்கையைப் பிரதமர் சோகவாரே கிழித்துப் போடவில்லை, பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். கலவரத்தில் ஹொனியாராவின் சீனக் கடைத்தெரு எரிந்தது. அந்தக் கடைகளையும் தன் பதவியையும் காக்க அவருக்கு இன்னொரு கதவு தேவைப்பட்டது.

சீனாவோடான ஒப்பந்தத்தின் வரைவு 2022 மார்ச் 24 வாக்கில் இணையத்தில் கசிந்தது. சாலமன் அரசு கேட்டால் சீனா போலீஸும் படையும் அனுப்பலாம், சீனக் கப்பல்கள் வந்து பொருள் ஏற்றிக்கொள்ளலாம் என்பது சாரம். கான்பெர்ராவும் நியூசிலாந்தின் வெலிங்டனும் பொதுவெளியில் கவலை தெரிவித்தன. மார்ச் 29இல் சோகவாரே நாடாளுமன்றத்தில், எங்கள் இறையாண்மை விஷயத்தைக் கையாள எங்களுக்குத் தகுதியில்லை என்று முத்திரை குத்துவது பெரும் அவமானம் என்றார். ஏப்ரலில் கையெழுத்தான செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான், ஏப்ரல் 22இல், அமெரிக்க வெள்ளை மாளிகை அதிகாரி கர்ட் கேம்பல் ஹொனியாராவில் இறங்கினார். அமெரிக்கா அங்கே தூதரகத்தை மூடியது 1993இல். திறந்தது 2023 பிப்ரவரியில். முப்பது ஆண்டு பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. "எங்களை மதியுங்கள்" என்ற சொல்லைத் தலைவர்கள் சொந்த மக்களின் கேள்விகளைத் தடுக்கவும் பிடித்துக்கொள்கிறார்கள். கையெழுத்தான பிரதியை சோகவாரே அரசு வெளியிடவே இல்லை. சீனப் பணம் வேண்டாம் என்று நின்ற மலைட்டா மாகாண முதல்வர் டேனியல் சுயிடானி 2023 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார். பெய்ஜிங்கும் கான்பெர்ராவும் மரியாதை காட்டியது ஹொனியாரா அமைச்சரவைக்கு. மலைட்டா கிராமங்களுக்கு யார் காட்டினார்கள்?

திசைமானி:

ஒப்பந்த வாசகங்களை யார், எப்படி எழுதுகிறார்கள் என்பதைச் சொல்ல விட்டுப்போனது. மிக நுட்பமான சறுக்கல்கள் அங்கேதான், சீனாவும் வசமாகச் சறுக்கியிருக்கிறது.

2022 மே 26 முதல் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ எட்டு நாடுகளைச் சுற்றினார். மே 30இல் ஃபிஜியின் தலைநகர் சுவாவில் பத்து நாட்டு அமைச்சர்களோடு பேசி, போலீஸ், இணையப் பாதுகாப்பு, மீன்வளம் எல்லாம் அடங்கிய ஒரே ஒப்பந்தத்தை முடித்துவிட நினைத்தார். பிரதி சில நாள் முன்னால்தான் கைக்கு வந்தது. மைக்ரோனேசிய அதிபர் பனுவேலோ மற்றத் தலைவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். வட்டாரமே கூடிப் பேசாத விஷயத்தை வட்டார ஒப்பந்தமாக்க முடியாது என்றார் சமோவா பிரதமர் ஃபியாமே. ஒப்பந்தம் நின்றுபோனது. ஆனால் தனித்தனி நாடுகளோடு சிறு சிறு உடன்பாடுகள் அதே பயணத்தில் கையெழுத்தாயின. பசிபிக்கில் முடிவு என்பது எல்லோரும் பேசித் தீர்ந்த பிறகு வருவது. தயாராக வந்த தாளை நீட்டினால் பொருள் நல்லதாக இருந்தாலும் கை பின்வாங்கும்.

அமெரிக்கா அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் பிரகடனத்தில் சீனாவை மறைமுகமாகச் சுட்டும் வரிகளை வைத்தது. சாலமன் தீவுகள் மறுத்தது. வரிகள் மாறிய பிறகு கையெழுத்திட்டது. பக்கம் சேர வைக்கிற நிலைமை எங்களுக்கு வேண்டாம் என்று வெளியுறவு அமைச்சர் மனேலே விளக்கினார். 2024இல் டோங்கா மன்றக் கூட்டத்தில் தைவான் பற்றிய ஒரு பத்தி, சீனத் தூதர் எதிர்த்ததும், வெளியான அறிக்கையிலிருந்தே காணாமல் போனது. அடுத்த ஆண்டு ஹொனியாராவில் கூட்டம் நடந்தபோது சீனா, அமெரிக்கா, தைவான் போன்ற வெளிக் கூட்டாளிகள் யாரையுமே அழைக்கவில்லை.

பேரேடு:

நெய்தல் நவூருவைப் பணக் கணக்கு என்றார், அதற்கு ஒரு பின்கதை. சீனா பக்கம் போன அதே நவூரு 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவோடு உடன்படிக்கை செய்தது. 5 ஆண்டில் 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் பட்ஜெட் உதவி, போலீஸுக்குத் தனியாக 4 கோடி. பாதுகாப்பு விஷயத்தில் வேறு நாட்டோடு சேருமுன் கான்பெர்ராவோடு ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இதில் பலர் கவனிக்காதது வங்கி. தீவில் இருந்த ஒரே வங்கிச் சேவை விலகவிருந்தது. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி அங்கே போக ஏற்பாடானது. சம்பளம் போடவும் மளிகை இறக்குமதிக்குப் பணம் அனுப்பவும் வழியில்லாத நாட்டுக்கு அது சீனா கட்டித் தரும் எந்த விளையாட்டரங்கத்தையும்விடப் பெரிது.

துவாலுவோடு செய்த ஃபலேபிலி உடன்படிக்கையிலும் இதே போன்ற தடுப்புரிமை இருக்கிறது. ஆனால் பதிலுக்கு ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம், கடல் ஏறினாலும் துவாலு நாடாகவே தொடரும் என்று எழுத்தில் ஏற்பு கிடைத்தது. சுமார் 11,000 பேர் கொண்ட நாட்டுக்கு அந்தக் கடைசி வாசகம் பேரத்தில் எளிதில் கிடைக்கக் கூடியதல்ல. இரண்டு உடன்படிக்கைகளின் உரையும் பொதுவில் இருக்கிறது. துவாலு உடன்படிக்கையில் தடுப்புரிமை உள்ள நான்காம் உறுப்பை மட்டுமாவது படியுங்கள்.