பட்டாசல் ஃபேன் பஞ்சாயத்து

(குழு: ஆச்சி வீடு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம். பட்டாசல் என்பது வீட்டுக் கூடம்.)

கணேசன்: அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாள். இனிப் பட்டாசலில் படுக்க மாட்டாளாம்.

செல்வி: ஏன்

செல்வி: முட்டி வலியா

கணேசன்: முட்டி இல்லை, ஃபேன். வள்ளி அனுப்பிய புது ஃபேன். கரண்ட் போய் வந்ததும் கொஞ்சம் பின்பக்கமாகப் போய், நின்று, யோசித்து, அப்புறம்தான் ஒழுங்காகச் சுற்றியது. சுடலைமாடன் வேட்டைக்குப் போகிற வழியில் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்ததாம்.

வள்ளி: ஐயோ

பார்வதி: கொடைக்குக் கால் நாட்டியதற்கு அப்புறம் வீட்டில் புதுசாக எதையும் மாட்டாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன். யார் கேட்டார்கள்.

முத்து: பெரியம்மா, பழைய கொக்கியிலேதான் மாட்டினேன்

சண்முகம்: பயப்பட ஒன்றும் இல்லை. பொறுமையாகப் படியுங்கள். பழைய ஃபேனில் காந்தமே கிடையாது. மெயின் காயிலுக்கு நேராகவும் இன்னொரு காயிலுக்கு கெப்பாசிட்டர் வழியாகவும் கரண்ட் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு முன்பின் இருப்பதால் சுழற்சி பிறக்கும். புது ஃபேனில் இருப்பது பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார். அது வேறு சங்கதி. சுற்றுகிற பக்கத்தில் காந்தம், நிற்கிற பக்கத்தில் காயில். கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரில் எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்பதை அந்தப் பிரஷ்ஷே மாற்றி மாற்றிக் கொடுக்கும். இதில் பிரஷ் இல்லை, அந்த வேலையை உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு செய்யும். காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று போர்டுக்குச் சொல்ல ஹால் சென்சார் மூன்று இருக்கும். நம் கணேசன் பேட்டரி ஸ்கூட்டர் போன ஐப்பசி மழையில் நனைந்து திக்கித் திக்கி ஓடியதே, அதில் ஒரு சென்சார் போனதுதான்

செல்வி: அண்ணன், அது இருக்கட்டும். தம்பி, அம்மா இப்போது சாப்பிட்டாளா இல்லையா

கணேசன்: இரண்டு இட்லி

இசக்கி: அப்பா, ஸ்கூட்டர் சரி. இந்த ஃபேனில் ஹால் சென்சார் கிடையாது. முத்து அனுப்பிய படத்தில் பாருங்கள், போர்டிலிருந்து மோட்டாருக்கு மூன்றே வயர். சென்சார் இருந்தால் கூடவே மெல்லிய வயர் ஐந்து வரும்.

சண்முகம்: பணகுடியில் இருபத்தாறு வருஷம் காற்றாலையில் ஏறி இறங்கியவன் நான். ஸ்லிப் ரிங்கில் பிரஷ் உரசி வந்த கார்பன் தூளைச் சட்டையிலிருந்து உங்கள் அம்மா துவைத்தே ஓய்ந்தாள்.

பார்வதி: அது உண்மை

இசக்கி: அது வேறு மிஷின் அப்பா. இங்கே மோட்டார் சுற்றும்போது அதன் காயிலிலேயே கொஞ்சம் வோல்ட் பிறக்கும், ஜெனரேட்டர் மாதிரி. மூன்று வயரில் இரண்டுக்குத்தான் ஒரு நேரத்தில் கரண்ட். சும்மா கிடக்கிற மூன்றாவதில் வருகிற வோல்ட்டைப் பார்த்தே காந்தம் எங்கே என்று போர்டு கண்டுபிடிக்கும். ஆனால் நிற்கிற ஃபேனில் அந்த வோல்ட் கிடையாது. அதனால் முதலில் குருட்டாம்போக்கில் ஒரு காயிலுக்குக் கரண்ட் கொடுத்து, காந்தத்தை இழுத்து ஒரு இடத்தில் நிறுத்தும். அந்த இடம் பின்பக்கம் இருந்தால் இறக்கை பின்னால் போய்த்தான் நிற்கும். அப்புறம் மெல்லக் கிளப்பும். ஆச்சி பார்த்தது அதுதான்.

வள்ளி: 👏

சண்முகம்: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்

முத்து: மச்சினி அறையில் மாட்டியது மூன்றாம் நம்பரில் வைத்தால் நின்று நின்று ஓடுகிறது அண்ணன்

இசக்கி: சுவர் ரெகுலேட்டர் வழியாகவா கொடுத்தாய்

முத்து: ஆமா

இசக்கி: லே! அதைக் கழற்றிவிட்டு நேராக ஸ்விட்சில் கொடு. போர்டு போய்விடும். ஸ்பீடு ரிமோட்டில்தான்.

கணேசன்: ரிமோட் ஒன்றை அமுக்கினால் இரண்டு ஃபேனும் நிற்கிறது

பார்வதி: மச்சினி அறை என்று யார் பெயர் வைத்தது? அது நாங்கள் வந்தால் படுக்கிற அறை.

செல்வி: ஆரம்பித்தாச்சா

வள்ளி: மாமா, பழையதையே மாட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், இது 30. ஆறு ஃபேன் என்றால் 450 எங்கே, 180 எங்கே. நம் இன்வர்ட்டர் பேட்டரி 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி), பெருக்கினால் 1800 வாட்-மணி. நஷ்டம் போக 1300 கிடைத்தாலும் பழையதற்கு மூன்று மணி நேரம்கூட வராது. புதியதற்கு ஏழு மணி நேரம். சாமக்கொடை முடிந்து முப்பது பேர் படுப்பார்கள்.

செல்வி: என் மகள் சம்பளத்தில் வாங்கியது. ஒருத்தர் வாயிலிருந்து நல்ல வார்த்தை இல்லை.

கணேசன்: யார் இல்லை என்றார்கள் அக்கா

சண்முகம்: ஜெனரேட்டர் பேசியாச்சா? போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது. இன்ஜின் ஓடுகிறது, ஒரு பல்ப் எரியவில்லை. வில்லுப்பாட்டுக்காரர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

கணேசன்: அதுக்கு நான் என்ன செய்வேன். வாடகைக்கு வந்தது.

சண்முகம்: ஜெனரேட்டருக்குள்ளே பெரிய ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்க எக்ஸைட்டர் என்று ஒரு குட்டி ஜெனரேட்டர் உண்டு. ரொம்ப நாள் சும்மா கிடந்தால் அந்த எக்ஸைட்டர் இரும்பில் மிச்சமிருக்கிற காந்தம் செத்துவிடும். அந்தத் துளிக் காந்தம்தான் வித்து. அதிலிருந்துதான் முதல் கரண்ட் பிறந்து, கூடவே சுற்றுகிற டயோடு வழியாகப் பெரிய ரோட்டருக்குப் போகும். பிரஷ் வேண்டாம் என்பதற்காகத்தான் அவ்வளவு ஏற்பாடும். வோல்ட்டைச் சீராக வைக்கிற ஏவிஆர் வயரைக் கழற்றி, எக்ஸைட்டரின் ஃபீல்டு வயரில் 12 வோல்ட் பேட்டரியைப் பிளஸ் மைனஸ் பார்த்து ஒரு நொடி தொட்டேன், எரிந்தது. வாடகை 4500-ம் நான்தான் கொடுத்தேன். இன்னும் வரவில்லை.

கணேசன்: 🙏

செல்வி: இந்த வருஷம் யார்?

செல்வி: ஹலோ

முத்து: ஆச்சியிடம் இசக்கி அண்ணன் சொன்னதைச் சொன்னேன். சிரிக்கிறாள். "உங்க தாத்தா வண்டி பூட்டும்போது மாட்டை ஒரு எட்டு பின்னால தள்ளி நேராக்கிட்டுத்தான பூட்டுவாரு, இதச் சொல்ல இவ்வளவு நேரமா" என்கிறாள்.

இசக்கி: அவ்வளவுதான் விஷயம் 😄

வள்ளி: அப்போ உள்ளே படுக்கிறாளா?

முத்து: இல்லை. பட்டாசலில் தாத்தா வாங்கிய பழைய ஃபேனையே மாட்டணுமாம். புதுசு மற்ற அறைகளில் ஓடட்டுமாம்.

செல்வி: சரி, அது ஒன்று மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். தம்பி, அந்த ஃபேன் எங்கே வைத்திருக்கிறாய்?

சண்முகம்: கணேசா

பார்வதி: வெண்கல உருளியும் இப்படித்தான் பரணில் இருக்கிறது என்றார்கள்

கணேசன்: கொடை வரி கட்டணுமே என்று நேற்றுதான் எடைக்கு

கணேசன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: படித்துவிட்டேன்.